தடத்துக்கு யார் கொடுப்பது?

வலப்பனையிலிருந்து விடிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். ஏழு பேர். கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் லீசிங்கில் எடுத்த ஜீப். நான்கு சில்லும் இழுக்கும். கிழக்குக் கரைக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு மறுநாள் திரும்புவது திட்டம். புறப்படுமுன் அவன் அம்மா நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்னால் பச்சை மிளகாயும் கரித்துண்டும் கோர்த்துக் கட்டினார். சூடம் காட்டினார், தேங்காயைச் சுற்றி உடைத்தார். பழங்கள் நசுங்கியதும் எல்லோர் முகத்திலும் நிம்மதி. இத்தனையும் நடந்த கால் மணி நேரத்தில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. தோட்டப் பாடசாலையில் முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்த நானும் பார்க்கவில்லை.

ரந்தெணிகலப் பக்கம் இறங்கி, மஹியங்கனை, மகாஓயா, செங்கலடி தாண்டிக் கடலைக் கண்டபோது வெயில் ஏறியிருந்தது. தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நூறு யார் நடந்தால் தண்ணீர். பையன் நிறுத்தவில்லை. "ஓஃப் ரோட் வண்டி சார் இது, இதுக்குத்தானே எடுத்தது" என்றான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மணல் மேட்டில் குறுக்கே ஏறி, கொடி படர்ந்த இடத்தை அரைத்துக்கொண்டு இறங்கி, தண்ணீரோரம் போய் ஒரு வளைவு எடுத்தான். அந்த வளைவில் பின்சில்லு இரண்டும் புதைந்தன. மிதிக்க மிதிக்க மணலை வாரி வீசிக்கொண்டு இன்னும் கீழே போயின. கொஞ்ச நேரத்தில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. வந்துபோன ஒவ்வோர் அலையும் சில்லடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போனது.

சற்றுத் தள்ளிக் கரைவலையைப் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மனே, காத்தக் குறைக்காமலா இறக்கினீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, நெருப்புக்குச்சியை வைத்து அழுத்திப் பிடித்தார். காற்றுப் போகப் போக டயர் கீழ்ப்பக்கம் பரந்து கொடுத்தது. நான்கு டயருக்கும் அப்படியே. பிறகு கையால் மணலைப் பறித்து, பலகை கொடுத்து, தங்கள் உழவு மெசினைக் கொண்டுவந்து கயிறு போட்டு இழுத்தார்கள். வண்டி வெளியே வந்தது. பையன் கும்பிட்டு மூவாயிரம் ரூபாய் நீட்டினான். பெரியவர் வாங்கிக்கொண்டார்.

"இது மெசினுக்கும் எண்ணெய்க்கும் சரி. தடத்துக்கு?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் இரண்டு வாய்க்கால்கள். இடையில் பிய்ந்து கிடந்த கொடி. முடிவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் குழி.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துப் பேசப் போகிறேன். அதற்கு முன் எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் பிழை அங்கேதான் தொடங்கியது.

தார் ரோட்டுக்கு ஏற்றபடி 35 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இறுகி நிற்கும் டயர், மணலில் கத்தி மாதிரி இறங்கும். அதையே 18, 20 என்று குறைத்தால் டயர் தரையில் பதியும் பரப்பு நீள்கிறது. அதே பாரம் கூடுதல் இடத்தில் பரவுகிறது, மணல் தாங்குகிறது. சேற்றில் பலகை போட்டு நடக்கிறோமே, அதே கணக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் அமுக்கம் என்ற பாடத்தில் இதை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! திரும்பவும் தார் ரோட்டுக்கு ஏறுமுன் காற்றை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் டயர் சூடேறிச் சிதையும். மணலில் சடாரென்று பிரேக் பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டும். சடாரென்று வளைத்தால், காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். வண்டி கவிழவும் கூடும். இதில் எந்த இடத்திலும் கண்ணூறுக்கு வேலை இல்லை.

இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்திய ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவர் கேட்ட மாதிரியான ஒரு சோதனையை எங்கள் ஜீப் அன்றைக்குக் கரையில் தானாகவே செய்து காட்டியது. மிளகாயும் கரியும் முன்னால் அப்படியே தொங்கின; வண்டி அசையவில்லை. காற்றைக் குறைத்து, மணலைப் பறித்து, கயிறு போட்டார்கள், அசைந்தது.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அவருடைய பயம் நியாயமானது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதமுனிக்குப் பூசை உண்டு. ரோதை என்றால் சுழலும் பெருஞ்சில்லு. துணியோ கையோ பட்டால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும் இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள், அந்தப் பயத்துக்கு ஒரு பேரும் உருவமும் கொடுத்துப் படையல் வைத்தார்கள். பயந்தது சரி. ஆனால் சில்லைச் சுற்றி ஒரு கம்பி வேலி அடித்திருந்தால் அந்தப் பயம் பாதி குறைந்திருக்கும். வேலி அடிக்க வேண்டியது தோட்டத்தை நடத்தும் துரையின் கடமை. தொழிலாளி தன் சம்பளத்தில் கோழி வாங்கிப் படைத்தபோது, துரையிடம் கேட்க வேண்டிய கேள்வி முனியிடம் போய்விட்டது. சடங்கின் கேடு இங்கே இருக்கிறது. அது பொய் என்பதைக்கூட ஒரு பக்கம் விட்டுவிடலாம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க விடாமல் செய்துவிடுகிறதே, அதை விட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாகனத்துக்குச் செய்யும் எந்தச் சடங்கும் வாகனத்துக்குள்ளே இருப்பவர்களுக்கானது. நமக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தேங்காய் உடைக்கிறோம். பம்பருக்கு முன்னால் நிற்கப்போகிறவனுக்காக யாரும் ஒரு சூடம் கொளுத்தியதில்லை. நூறு எலுமிச்சம்பழத்தில் ஒன்றுகூட அவன் பேரில் இல்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது ஒன்றுதான் அவனுக்காகச் செய்யக்கூடிய பூசை. அதைச் செய்ய நமக்கு மனம் வருவதில்லை.

இப்போது தடம்.

நாங்கள் அரைத்துக்கொண்டு போனது அடம்பன் கொடி. மணலில் நீளமாக ஓடி, ஊதாப்பூப் பூத்துக் கிடக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று ஊரில் ஒற்றுமைக்குச் சொல்வார்கள். அந்தப் பழமொழி வெறும் உவமை இல்லை. கரையில் அது நேராகவே உண்மை. அடம்பனும், பந்து பந்தாகக் காற்றில் உருளும் இராவணன் மீசைப் புல்லும் வேர் விட்டுப் பிடித்துக்கொள்வதால்தான் காற்றில் வரும் மணல் தங்கி மேடாகிறது. அந்த மேட்டுக்குப் பின்னால்தான் வீடு, கிணறு, தென்னை, மனிதர் எல்லாம். 2004 டிசம்பர் 26இல் யால கரையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு ஹோட்டலுக்கு முன்னால் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மணல் மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். ஆழிப்பேரலை அந்த ஹோட்டலை முழுவதும் அழித்தது. மேடு கெடாமல் இருந்த இடங்களில் அதே அலையை அதே மணல் தாங்கியது. பிறகு ஆராய வந்த பல நாட்டு விஞ்ஞானிகள் இதை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ஜீப் ஒரு தடவை ஏறினால் மேடு போய்விடுமா என்று பையன் கேட்டான். போகாது. கொடி பிய்ந்த இடத்தில் காற்று நுழையும், அடுத்த வண்டி அந்த இடத்தையே வழியாக்கும், மாரியில் தண்ணீர் அதைப் பள்ளமாக்கும். முதல் வண்டியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் வண்டிக்காரனுக்கு அது மிகவும் வசதி.

கடலாமை பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகத்தில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. இரவில் வந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு மாதம் அவை மணலுக்குள். மேலே எந்த அடையாளமும் இருக்காது. நம் உள்ளங்கையைவிடச் சிறிய குஞ்சு இரவில் வெளியே வந்து, வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துக் கடலுக்கு ஓடும். நடுவில் ஒரு டயர் தடம் இருந்தால் அதற்குள் விழும். நமக்கு அது ஒரு சாண் பள்ளம்; அதற்குச் சுவர். ஏற முடியாமல் தடத்தோடேயே ஓடும். நண்டு பிடிக்கும், நாய் பிடிக்கும், விடிந்தால் வெயில் பிடிக்கும். தெற்கே ரெகவக் கரையில் ஒரு காலத்தில் முட்டை பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களே பிறகு கூலிக்கு இராக்காவல் இருந்து அந்தக் கூடுகளைக் காத்தார்கள். அவர்கள் படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் சொல்வோம். நாங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் ஏ.எல். படித்தவர்கள்.

"கடல் என்ன யார் அப்பன் வீட்டுச் சொத்தா?" திரும்பி வரும்போது வண்டிக்குள் இந்தக் கேள்வி வந்தது. நல்ல கேள்வி. இல்லை, யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. காற்று, ஓடும் தண்ணீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்று 533இல் ஜஸ்டினியன் தொகுத்த உரோமச் சட்டம் சொன்னது. இந்த நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்துக்கு மூலம் அதுதான். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் தனி வலயமாக வைத்திருக்கிறது. ஆனால் பொது என்ற சொல்லை நாம் எப்படிப் பிடித்துக்கொண்டோம்? கேட்க ஆள் இல்லாதது என்று பிடித்துக்கொண்டோம். பொது என்றால் அன்றைக்கு அங்கே வராதவனுக்கும் பங்கு உண்டு என்று பொருள். அடுத்த மாதம் வரப்போகும் குடும்பத்துக்கும், வலை பரப்புகிறவனுக்கும், தோணி நிழலில் படுத்துத் தூங்குகிறவனுக்கும் பங்கு உண்டு. அவர்களிடம் கேட்காமல் அவர்கள் பங்கின் மேல் இரண்டு தொன் இரும்பை ஏற்றினோம்.

மீனவர்களின் மெசினும் தடம் போடத்தானே செய்கிறது? அதையும் கேட்டான் பையன். போடுகிறது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது சரியா என்று வடக்கிலும் கிழக்கிலும் மீனவர்களுக்குள்ளேயே பல வருஷமாகத் தகராறு நடக்கிறது. கையால் இழுத்தவர்களின் கூலி என்னாவது, கடலடி என்னாவது என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் இயந்திரத்துக்கே அவ்வளவு விசாரணை இருக்கிறது. எங்கள் விளையாட்டுக்கு ஒரு நிமிஷ விசாரணைகூட இருக்கவில்லை.

2022 அக்டோபரில் யால தேசிய வனத்துக்குள் வசதியான வீட்டு இளைஞர்கள் விலையுயர்ந்த ஜீப்புகளைப் பாதையை விட்டு இறக்கித் தாறுமாறாக ஓட்டிய வீடியோ பரவியது. நாடே கொதித்தது. கைது, நீதிமன்றம் என்று போனது. நானும் அன்றைக்கு ஆசிரியர் அறையில் கத்தினேன்: பணத்திமிர், அதிகாரத் திமிர் என்று. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் செய்ததையும் நாங்கள் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? வண்டியின் விலையில் இருக்கிறது. லீசிங் கட்டும் ஏழைக்கு மணல் வேறு சலுகை தருமா? இருநூறு வருஷம் அடைத்து வைக்கப்பட்டவர்கள் நாம், நமக்கும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க உரிமை இல்லையா என்று என் மனதுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதற்குப் பதில் சொல்கிறேன். 2023இல் மலையக மக்களின் இருநூறு வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா? எங்கள் முன்னோர் தோணியில் வந்து இறங்கி நடந்த வழி அது. இந்தத் தீவின் கடற்கரையில் எங்கள் சனம் பதித்த முதல் தடம் வெறுங்காலின் தடம். அவர்கள் வழியில் விழுந்து செத்தபோது, அது யாருடைய செலவு என்று எந்தக் கம்பனியும் கணக்கு எழுதவில்லை. செலவை அடுத்தவன் தலையில் போட்டுவிட்டு இலாபத்தை மட்டும் எழுதும் கணக்கில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதே கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நாங்களே எழுதலாமா?

சடங்கைப் போலவே கேட்க வேண்டிய கேள்வியை மறைக்கும் விதி என்ற சொல்லுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். அவர்களில் ஒரு எட்டு வயதுப் பெண்பிள்ளை. வலப்பனையில் அன்றைக்குப் பஸ்ஸிலும் கடையிலும் நான் கேட்ட சொல் இதுதான்: விதி. தமிழில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். தலையெழுத்தும் விதி, ஒழுங்குமுறையும் விதி. இரண்டாவதைக் கடைப்பிடிக்காத இடத்தில் எல்லாம் முதலாவதைச் சொல்லித் துக்கத்தை ஆற்றிக்கொள்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். நிற்கிறவனுக்கும் ஓடுகிறதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், என்ன தடுப்பு என்பதுதான் அங்கே கேள்வி. ஜாதகத்தில் அதற்குப் பதில் கிடையாது.

கடற்கரையிலும் அதே. அமெரிக்காவில் புளோரிடாவின் டேட்டோனாப் பக்கத்துக் கரைகளில் கார் ஓட்ட அனுமதி உண்டு. வேகம் மணிக்கு பத்து மைலுக்கு மேல் கூடாது, அதாவது 16 கிலோமீற்றர். அப்படியிருந்தும் 2010இல் நாலு மாத இடைவெளியில் நான்கு வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் அந்தக் கரைகளில் வாகனம் மோதி இறந்தார்கள். ரோட்டில் குழந்தை ஓடி வரும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். வாகனம் வரும் என்று குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருப்போம். கடற்கரையில் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு மண் வீடு கட்டும். அலைச் சத்தத்தில் எஞ்சின் கேட்காது.

பையன்கள் ஃபோனில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவில் எடுத்தவை. முன்பு ஃபிரேசர் தீவு என்று சொன்ன இடத்தில் கடற்கரையே ரோடு. வேக எல்லை உண்டு, பொலிஸ் உண்டு. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் இரண்டு மீற்றர் அளவு வித்தியாசம் இருப்பதால், வற்று நேரத்தில் இறுகிய ஈரமணல் அகலமாகக் கிடைக்கும். அதில் ஓட்டுகிறார்கள். நம் கடலில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. இறுகிய மணல் ஒரு ஒடுங்கிய பட்டைதான். அதற்கு மேலே இளகிய மணல், கொடி, தோணி, வலை, மனிதர். அவர்களுடைய வீடியோவைப் பார்த்து நம் கரையில் இறங்குவது, அடுத்தவன் மருந்துச் சீட்டுக்கு நாம் குளிசை விழுங்குவது மாதிரி. அதனால் என் முடிவைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ரோட்டில் நிறுத்திவிட்டு நடங்கள். வண்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற தேவை வந்தால், அந்தக் கரையில் வாழ்கிறவரிடம் முதலில் கேளுங்கள். அவர் காட்டும் வழியால், காற்றைக் குறைத்து, மனிதன் நடக்கும் வேகத்தில், பகலில், பெல்ட் போட்டு, பின்னால் யாரையும் தொங்கவிடாமல், குடிக்காமல் போங்கள். போன தடத்திலேயே திரும்புங்கள்.

வலப்பனைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் ராகலைப் பக்கம் மழைக்குப் பிறகு ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும். விடுமுறை என்றால் வெளியூர் ஜீப்புகள் வரிசையாக வந்து தோட்டத்து மண்பாதையில் ஏறுகின்றன. சேறு தெறிக்கத் தெறிக்கப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பாதையில் கல்லைப் பதித்தது பெண்களும் ஆண்களும் தங்கள் கையால். ஜீப் போன பிறகு அதில் இரண்டு பள்ளம். மழைத் தண்ணீர் கானை விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். பள்ளம் எங்கே முடிகிறதோ அங்கே சரிவுக்குள் தண்ணீர் இறங்கும். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண் இறங்கி வந்ததைக் கண்டவர்களுக்கு, 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல் மழையில் மலையகம் சரிந்ததைக் கண்டவர்களுக்கு, சரிவுக்குள் இறங்கும் தண்ணீர் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மலை சரிய ஜீப்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மழை இருக்கிறது, காடு அழித்தது இருக்கிறது, லயத்தைக் கட்டிய இடம் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு சதத்தைக்கூட விளையாட்டுக்காகக் கூட்ட எவனுக்கும் உரிமை இல்லை என்று சொல்கிறேன். கொழுந்துக் கூடையோடு அந்தச் சேற்றில் வழுக்கி விழும் பெண், ஜீப்பில் வந்தவன் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். கடற்கரையில் எங்கள் முகத்தை அந்தப் பெரியவர் பார்த்தார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் எங்களைத் திட்டவில்லை. மண்வெட்டி இரண்டும் தென்னோலை நாலும் கொண்டுவந்து போட்டுவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். தண்ணீரோரக் குழியிலிருந்து தொடங்கினோம். வெட்டிய மணலைத் தள்ளி நிரப்பி, ஓலையால் இழுத்துச் சமன் செய்துகொண்டு மேலே ஏறினோம். பையன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து வேலை செய்தான். ஜீப் அரை நிமிஷத்தில் ஓடிய தூரம்தான் அது. எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. மேட்டுக்கு வந்தபோது பிய்ந்த கொடியை என்ன செய்வதென்று தெரியவில்லை. வலைக்காரச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, வேர் இருக்கும் கணுவாகப் பார்த்து எடுத்து, ஈரமணல் தெரியும் வரை தோண்டி, எப்படிப் படுக்க வைத்து மூட வேண்டும் என்று காட்டினான். "எல்லாம் பிடிக்காது" என்றான். ஏழு பேரும் முழந்தாளில் நின்று நட்டோம்.